தொண்டை கழுவும் அரிசி

கடகடவென்று ஒரு சத்தம். தெரு திரும்பும் முன்பே அது காதில் விழும். கூடவே மூக்கில் நெடி ஏறினால் மிளகாய் ஓடுகிறது, ஏறாவிட்டால் தானியம். அதற்கப்புறம்தான் மாவு படிந்த கதவும், உள்ளே பச்சை பெயிண்ட் உரிந்த அரவை மெஷினும் கண்ணுக்குத் தெரியும்.

அந்த ஊருக்கு அப்போது அது ஒன்றுதான் மாவு மில். நடத்தியவர் தவசியப்பன். காலையில் தானியம், மத்தியானத்துக்கு மேல் மிளகாய் என்று வைத்திருந்தார். மிளகாய் ஓடி முடிந்ததும் பிடிப்பிடியாக அரிசியை உள்ளே விடுவார், மாவு வெள்ளையாக வரும்வரை. பிறகு மாவு இறங்கும் துணிக்குழாயைக் கழற்றி, உதறி, மறுபடி மாட்டுவார். மொத்தம் எட்டு நிமிஷம் பிடிக்கும்.

மெஷினுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. தானியத்தோடு ஆணியோ கல்லோ வந்துவிட்டால் பெல்ட்டை உதறித் தள்ளிவிட்டு நின்றுவிடும். இதைத் தின்ன மாட்டேன் என்று சொல்ல அதற்கு வேறு வழி கிடையாது. அதனால் பெண்கள் டப்பாக்களை வரிசையில் வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விடுவார்கள். யாரும் நின்று காவல் காத்ததில்லை. அந்த வரிசையைப் பார்த்தால் மெஷினுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மிளகாய்த்தூளைப் பாக்கெட் போட்டு விற்று முன்னுக்கு வரலாம் என்று தவசியப்பனுக்கு ஒரு ஆசை வந்தது. அதற்காக வீடியோ எடுத்துப் போட ஒரு போன் வாங்கினார். அது மூன்று கால் ஸ்டாண்டில் ஏறி நின்றுகொண்டது.

"அண்ணே, எத்தனை வருஷமா ஓடுறீங்க?" என்று மெஷினிடம் கேட்டது.

"இருபத்தாறு."

"எத்தனை பேருக்கு உங்களைத் தெரியும்?"

மெஷின் யோசித்தது. "நாலு தெரு."

போன் சிரித்தது. "வேலை செஞ்சா மட்டும் போதாதுண்ணே, செய்யிறதைக் காட்டணும். தினமும் காட்டணும், ஒரே நேரத்துல காட்டணும். காலையில பத்து மணி வெயில் உள்ளே சாய்வா விழுது பாருங்க. அதுல மிளகாய்த்தூள் கொட்டினா நெருப்பு மாதிரி இருக்கும்."

"காலையில தானியம்ப்பா."

"யாரு போட்ட சட்டம்?"

அதைத்தான் போன் தவசியப்பனிடமும் சொன்னது. மில்லில் எல்லாப் பொருளும் பேசும். ஆனால் மனிதர் காதில் பேச்சாக விழுவது போனுடையது மட்டும்தான். மற்றதெல்லாம் அவர்களுக்கு வெறும் சத்தம்.

பத்து மணிக்கு மிளகாய் ஓடியது. நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். "என்னா கம்பீரமான சத்தம்!" என்று ஒருவர் எழுதியிருந்ததைப் போன் வாசித்துக் காட்டியதும் மெஷினுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இருபத்தாறு வருஷத்தில் யாரும் அதன் சத்தத்தைப் பாராட்டியதில்லை. தெருக்காரர்கள் திட்டித்தான் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் போன் இன்னொன்று சொன்னது. "இந்த அரிசி விடுற வேலை எதுக்கு? ஒரு தடவைக்கு எட்டு நிமிஷம் வீண். அதுல ரெண்டு வீடியோ எடுத்துடலாம்."

"எதுக்கா?" என்று துணிக்குழாய் சீறினாள். "என் உடம்பைப் பாரு, சிவந்து கிடக்கு. என் வழியாத்தானே எல்லாம் இறங்கணும்?"

"அக்கா, சிவப்பு உங்களுக்கு எடுப்பா இருக்கு."

மெஷின் சிரித்துவிட்டது. துணிக்குழாய் சிரிக்கவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்கு ஜெசிந்தா டப்பாவோடு வந்தாள். "கேழ்வரகுண்ணே. ஊற வச்சு, முளைகட்டி, காய வச்சது. பிள்ளைக்கு நாளையிலேருந்து கூழ் ஆரம்பிக்கிறேன். வச்சுட்டுப் போறேன்."

"போயிட்டு வாம்மா" என்றார் தவசியப்பன், போனைப் பார்த்தபடியே.

மிளகாய் அப்போதுதான் ஓடி முடிந்திருந்தது. அரிசி விடாமலே அவர் கேழ்வரகைத் தூக்கிக் கொட்டப் போனார்.

"யோவ், உன் தொண்டையில இன்னும் மிளகாய் இருக்குய்யா" என்றாள் துணிக்குழாய். "பெல்ட்டைக் கழட்டிப் போடு!"

"அண்ணே, நேரலை போயிட்டிருக்கு" என்றது போன். "இப்ப நின்னீங்கன்னா அசிங்கமாயிடும். ஆறாயிரம் பேர் பாக்குறாங்க."

ஒரே உதறு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மெஷினுக்கு அது தெரியும். ஆனால் ஆறாயிரம் பேர் முன்னால் பெல்ட் கழன்ற கிழமாக நிற்பதா? அது ஓடியது. எப்போதையும்விடக் கம்பீரமாகவே ஓடியது. கேழ்வரகு மாவின் நிறத்தில் மிளகாய் இருந்த இடமே தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஜெசிந்தா டப்பாவோடு திரும்பி வந்தாள். சண்டை போடுவாள் என்று தவசியப்பன் பார்த்தார். அவள் மூடியைத் திறந்து நீட்டினாள்.

"கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்கண்ணே."

ஒரு சிட்டிகை போட்டார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்ல எரிய ஆரம்பித்தது.

"முதல் கரண்டியிலேயே வீல்னு கத்துச்சு. உதடெல்லாம் சிவந்து போச்சு. இப்ப கரண்டியைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்குது."

நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அதில் ஒருவரும் தின்னவில்லை. தின்றது ஒரு குழந்தை.

"இதை எடுத்துப் போடலாம்" என்றது போன். "மன்னிப்புக் கேக்குற வீடியோவுக்கு நல்ல ஓட்டம் உண்டு. கண்ணு கலங்கினா இன்னும் நல்லது."

தவசியப்பன் அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். ஜெசிந்தா டப்பாவை மூடினாள்.

"பக்கத்து ஊர் மில்லு மூணு கிலோமீட்டர்தாண்ணே. நடந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வரிசையில் மூன்று டப்பாக்கள் இருந்தன. அவற்றை வைத்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குக் காய்கறி வாங்க யாரும் போகவில்லை. அவரவர் டப்பா பக்கத்தில் நின்றுகொண்டார்கள்.

தவசியப்பன் மெஷினின் தகர உடம்பில் கை வைத்தார்.

"ஒரு ஆணி விழுந்தாக்கூட பெல்ட்டைக் கழட்டி எறிவியே" என்று முணுமுணுத்தார். "நான்தான் கண்ணில்லாம இருந்தேன். நீயுமா?"

துணிக்குழாய் குத்திக் காட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மெஷினுக்கு.

அவர் துணிக்குழாயைக் கழற்றி வெளியே கொண்டுபோய் உதறினார். திரும்பி வந்து மாட்டினார். அரிசிப் பானையைத் திறந்து ஒரு பிடி விட்டார். மாவு சிவப்பாக இறங்கியது. இரண்டாவது பிடி, கொஞ்சம் வெளுத்தது. மூன்றாவது பிடியிலும் சிவப்பு இழை இருந்தது.

பெண்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தவசியப்பன் தலை நிமிரவில்லை. பானைக்குள் கையை விட்டு நான்காவது பிடியை அள்ளினார்.