புளி ஏன் வெளியே காத்திருக்கிறது

அம்மிக்கும் உலக்கைக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், குழம்பு வைப்பதற்கு ஒரு முறையும் கிடையாது. பருப்பு, புளி, உப்பு, மிளகு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி அடுப்பில் ஏற்றுவார்கள். தண்ணீர் கொதிக்கும், வாசம் வரும். பருப்பு மட்டும் கூழாங்கல் மாதிரி அடியில் கிடக்கும். பல் உள்ளவன் கடித்துத் தின்றான். பல் இல்லாதவன் சாற்றைக் குடித்துவிட்டுப் பருப்பைக் கோழிக்குப் போட்டான். பருப்பென்றால் அப்படித்தான் என்று ஊரே ஒப்புக்கொண்டிருந்தது. கேட்காதவனுக்கு யார் கொடுப்பார்கள்?

சீரங்காயி எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவள். சந்தையில் அவள் பேரம் பேசக் கூடையைக் கீழே வைத்தாலே வியாபாரி பெருமூச்சு விடுவான். அப்படிப்பட்டவளுக்கும் ஒரு சோதனை வந்தது. அவள் புருஷன் சடையனை மாடு தாடையில் உதைத்துவிட்டது. தாடைக்குத் துணியால் கட்டுப் போட்டுவிட்ட வைத்தியர், "வாயை அசைக்கக் கூடாது, மென்றால் எலும்பு ஒட்டாது" என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு நாள் கஞ்சித் தண்ணியிலேயே கிடந்தான். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அன்று காலையில் எழுந்து நிற்கப் பார்த்தவன் சுவரோடு சரிந்து விழுந்தான்.

வைத்தியர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். "வலுவுள்ளது ஏதாச்சும் உள்ளே போகணும் தாயி. இல்லேன்னா ஆளு தேற மாட்டான்."

வீட்டில் இரண்டு கைப்பிடி துவரம்பருப்பு இருந்தது. ஒரு கைப்பிடியை வழக்கம்போல எல்லாவற்றோடும் சேர்த்துப் போட்டாள். உச்சிவெயில் வரை எரித்தாள். அகப்பையால் துழாவினால் கடகடவென்று சத்தம்தான். அகப்பையை ஓங்கிச் சட்டி விளிம்பில் அடித்தாள்.

"ஏ பருப்பே! ஒரு கட்டு விறகு சாம்பலாச்சு. இன்னும் கல்லா உக்காந்திருக்கியே, உனக்கு இரக்கம் இருக்கா?"

"எனக்கா இரக்கம் இல்லை?" என்று சட்டிக்குள்ளிருந்து பருப்பு சீறியது. "களத்துல தடியால அடிச்சீங்க. செம்மண்ணைப் பூசி வெயில்ல காயப் போட்டீங்க. திருகையில போட்டு ரெண்டா உடைச்சீங்க. வாயைத் திறந்தேனா? கொதிக்கிற தண்ணியையும் பொறுத்துக்குவேன். சரி, இளகுவோம்னு நினைக்கிற நேரத்துல இந்தப் புளி வந்து தொடுது. தொட்டதும் உடம்பு இறுகிப்போகுது. நான் என்ன செய்ய?"

சீரங்காயியின் கோபம் இறங்கிவிட்டது. இத்தனை காலம் பருப்பின் குறையை யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.

"சரி, உனக்கு என்ன வேணும், சொல்லு. கட்டுபடியாகுதான்னு பார்க்கிறேன்."

"புளி உள்ளே வரவே கூடாது."

"புளியில்லாத குழம்பை எவன் தின்பான்? வேற பேசு."

"அப்போ, நான் இளகுற வரைக்கும் வரக் கூடாது. துணைக்கு மஞ்சளை அனுப்பு."

"மஞ்சளோட ரெண்டு சொட்டு எண்ணெயும் தர்றேன். ஆனா நீ வெண்ணெயாக் குழையணும். சும்மா நொறுங்கினாப் பத்தாது."

"சம்மதம்."

புளிக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னை வெளியே நிறுத்துறியா?" என்று துள்ளியது.

"சும்மா நிக்க வேண்டாம். கிண்ணமும் வெந்நீரும் தர்றேன், சொகமா ஊறு. கடைசியில வந்து ருசியை முடிக்கப் போறது நீதானே?" என்றாள். புளி முணுமுணுத்துக்கொண்டே ஊறப்போனது.

சட்டியைக் காலி செய்து, புதுத் தண்ணீரில் மஞ்சளும் எண்ணெயும் விட்டு, மிஞ்சியிருந்த கடைசிக் கைப்பிடியைப் போட்டாள். நுரை பொங்கியது, அடங்கியது. வெயில் சாய ஆரம்பித்தது. கிண்ணத்திலிருந்து புளி மறுபடி தொடங்கியது.

"இன்னும் எவ்வளவு நேரம்டீ? உன் புருஷனைப் பாரு, கண்ணு சொருகுது. என்னை ஊத்து, சாறாச்சும் உடனே குடிக்கட்டும். பருப்பாவது, குழையுறதாவது!"

திரும்பிப் பார்த்தாள். கண் சொருகித்தான் கிடந்தான். பருப்போடு பேசிய பேச்செல்லாம் அவளுக்கு மறந்தது. கிண்ணத்தை எடுத்துச் சட்டிக்கு மேலே சாய்க்கப் போனாள்.

அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. சடையன் தரையோடு தரையாக ஊர்ந்து வந்திருந்தான். கட்டுத் துணிக்குள் தாடை அசைந்தது. வலியில் கண்ணீர் தெறித்தது.

"பொறு" என்றான். பன்னிரண்டு நாளில் அவன் பேசிய ஒரே சொல்.

"பசிச்சுக் கிடக்கிறது நீ, மாமா! நீயே பொறுக்கச் சொல்றியா?"

அவன் சட்டியைக் காட்டித் தலையை ஆட்டினான். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்பை ஊதினாள்.

கொஞ்ச நேரத்தில் கடகட சத்தம் நின்றது. ஒரு பருப்பை எடுத்து விரலிடையில் வைத்தாள். அழுத்துவதற்கு முன்பே அது நசுங்கியது. சோற்றோடு மைய மசித்து அவன் நாக்கில் வைத்தாள். மெல்ல வேண்டியிருக்கவில்லை, தானே வழுக்கி உள்ளே போனது. மூன்றாவது வாய்க்கு அவனே அவள் கையை இழுத்துக்கொண்டான். அவன் வயிறு நிறைந்த பிறகுதான் மிச்சப் பருப்பில் புளியைக் கரைத்து ஊற்றினாள், உப்புப் போட்டாள்.

பட்டினி கிடந்தவன் "பொறு" என்று சொன்ன அந்த நாள் தொட்டுத்தான் புளி கிண்ணத்தில் ஊறிக்கொண்டு வெளியே நிற்கிறது. வீட்டில் யார் எவ்வளவு பசியோடு இருந்தாலும், ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்த பிறகே நாம் அதை உள்ளே விடுகிறோம்.