அக்கரைத் தண்ணீர்

"இந்த வேலை எனக்கு வேண்டாம், குருவே" என்றான் கடம்பன், படகிலிருந்து இறங்கிய கால் காய்வதற்குள்.

குரு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்.

ஆற்றின் இரு கரைக்காரர்களும் ஒன்பது வருடம் வெட்டிக்கொண்டு செத்து, போன தையில்தான் ஓய்ந்திருந்தார்கள். தென்கரைக்காரன் தரும் தண்ணீரில் விஷம் இருக்கும் என்பதுதான் அத்தனை காலமும் வடகரைப் பள்ளியில் முதல் பாடம். அதை மறக்கடிக்கத்தான், தென்கரையில் பிறந்த கடம்பனைக் குரு அங்கே வாத்தியாராக அனுப்பினார். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்று அவனும் துள்ளிக்கொண்டுதான் படகேறினான்.

மூன்று மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினானாம். விஷம் என்பது பொய் என்று பிள்ளைகள் ஒரே குரலில் அழகாக ஒப்பிக்கிறார்களாம். அவன் கையால் தண்ணீர் கொடுத்தால் மட்டும் ஒன்றுகூட வாங்குவதில்லையாம்.

"இதுங்க இப்படியே வளர்ந்தா மறுபடியும் சண்டைதான். நெனைச்சாலே பயமா இருக்கு."

குரு ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். அவன் தோளில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கியது.

"அதுல என்ன?"

"தண்ணி. நம்ம கிணத்துத் தண்ணி. நான் குடிக்க தினமும் கொண்டுபோறேன்."

"ஏன், அங்கே கிணறு இல்லையா?"

கடம்பன் குடுக்கையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தான்.

மறுநாள் குடுக்கை இல்லாமல் போனான். உச்சிவேளையில் நாக்கு ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் இருந்த அல்லி என்ற சிறுமியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

அவள் கிணற்றில் இறைத்து ஒரு செம்பு கொண்டுவந்தாள். எல்லோரும் பார்க்க அவன் அதை வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தான்.

அல்லி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளா ஏங்கய்யா எங்க தண்ணியக் குடிக்கல?"

"பயம்" என்றான் கடம்பன். "வடகரைத் தண்ணியில விஷம் இருக்கும்னு எங்க அம்மா சொல்லி வளத்தாங்க."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு வகுப்பே சிரித்தது, கடம்பனும் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

அல்லி செம்பை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் குடுக்கையை எடுத்துட்டு வாங்கய்யா" என்றாள். "எங்களுக்கும் சேத்து, கொஞ்சம் பெருசா."