கண்ணி நழுவாத ஊசி

பனி இறங்கித் தெருவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகு அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக். சற்று நிற்கும். மறுபடியும் டிக், டிக்.

பிரிசில்லா எழுந்து உட்கார்ந்தாள். யார் வீட்டுப் பூட்டையாவது நெம்புகிறார்களோ? கணவன் ராத்திரி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தான். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகளை வாரிச் சேலைக்குள் அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பக்கத்து வீட்டு வாசலில் குணசுந்தரி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். எஃகு ஊசிகள்தான் அப்படி மோதிக்கொண்டன. கொடைக்கானல் ஏரிக்கரைக் கடைகளுக்குப் பின்னிக் கொடுப்பவள், பெண்களுக்குக் கற்றும் தருபவள். பிரிசில்லாவைவிட நான்கு வயது சின்னவள். ஆனாலும் தெருவுக்கே அவள் டீச்சர்.

"நீங்கதானா! உசிரே போயிடுச்சு டீச்சர்."

"திரும்பிடுச்சுல்ல? உள்ள வாங்க அக்கா. பாப்பாவுக்குக் குளிரும்."

உள்ளே போனதும் பிரிசில்லா கேட்டாள். "கடைக் குல்லா எல்லாம் இவளுக்கு மூக்கு வரைக்கும் இறங்குது. நானே ஒண்ணு பின்னணும். கத்துத் தர்றீங்களா?"

குணசுந்தரி டப்பாவைப் பாயில் கவிழ்த்தாள். ஊசிகளும் நூல்கண்டுகளும் உருண்டன.

"எடுங்க."

பிரிசில்லா, டீச்சர் கையில் இருந்ததைப் போலவே பளபளப்பான எஃகு ஊசிகளை எடுத்தாள். கூடவே கரும்பழுப்பு நூல்.

"ஏன் இந்த நூல்?" என்றாள் டீச்சர்.

"தப்பு பண்ணினா வெளிய தெரியாது."

"தெரியாட்டி எப்படிச் சரி பண்ணுவீங்க?"

குணசுந்தரி இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டு, வெளிர்மஞ்சள் நூலும் பென்சில் பருமனில் மூங்கில் ஊசிகளும் கொடுத்தாள். "எஃகு வழுக்கும். உங்க கைக்கு இது புதுசு. மூங்கில் நூலைக் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கும். முதல்ல ஒரு சதுரம், குல்லா அப்புறம். பாப்பாவை இப்படிக் குடுங்க."

டீச்சர் சொல்லச் சொல்லப் பிரிசில்லா பின்னினாள். ஐந்தாவது வரிசையில் ஒரு கண்ணி, ஊசியில் கோத்திருந்த நூல் வளையம், நழுவி, ஏணிப்படிபோலக் கீழே ஓடியது.

"போச்சு! எல்லாம் போச்சு!" பிரிசில்லா மொத்தத்தையும் உருவப் போனாள்.

"எல்லாமா? எண்ணுங்க."

எண்ணினாள். இருபதில் பத்தொன்பது ஊசியிலேயே இருந்தன.

குணசுந்தரி ஒரு கொக்கி ஊசியால் அந்த ஒற்றைக் கண்ணியைப் படிப்படியாக மேலே ஏற்றினாள். மடியில் கிடந்த பாப்பா அசையக்கூட இல்லை. இத்தனை சின்ன வயதில் எப்படிப்பட்ட கை! பிரிசில்லா கண் எடுக்காமல் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எனக்கு எப்பவும் பயம்தான் டீச்சர். ராத்திரி தாழ்ப்பாள்கூடப் போடறதில்ல. இவளுக்கு ஒண்ணுன்னா, நான் கத்தினதும் நீங்க ஓடி வரணுமே. நான் ஒருத்தி என்ன பண்ணிடுவேன்?"

குணசுந்தரி பின்னலைத் தன் பக்கம் இழுத்தாள். நன்றாக இருந்த ஒரு கண்ணியை வேண்டுமென்றே நழுவவிட்டு, மூன்று வரிசை இறங்க விட்டாள். கொக்கி ஊசியை நீட்டினாள்.

"நீங்க ஏத்துங்க."

இரண்டு தடவை தப்பியது. மூன்றாவது தடவை ஏறிவிட்டது. பிரிசில்லா சிரித்தேவிட்டாள்.

"கண்ணியே நழுவாத ஊசி ஏதாவது இருக்கா டீச்சர்? எவ்வளவானாலும் வாங்கிடறேன்."

"நானும் தேடித் தேடி வாங்கினேன் அக்கா. பதினோரு ஜோடி சேர்ந்ததுதான் மிச்சம்." பாப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். "கொக்கியை நீங்களே வச்சுக்கங்க."

பிரிசில்லா வீட்டுக்கு வந்து மகளைப் படுக்கவைத்தாள். கொஞ்ச நேரம் அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.