பசுவும் பாசியும்

வறண்ட காட்டோரம் ஒரு சின்ன மடம். அங்கிருந்த சாமிக்கு முப்பது வயசுகூட இருக்காது. பாடம் கேட்க வந்து தங்கியவர்களில் பூவாத்தாளுக்கோ பேரன் பேத்தி உண்டு. அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

வரும்போதே தன் செவலைப் பசுவையும் ஓட்டி வந்துவிட்டாள். சினை மாடு. கிணற்றுத் தண்ணி இறைத்து, மூக்கைத் தடவிக் குடிக்க வைத்தால்தான் அவளுக்குக் கஞ்சி இறங்கும்.

ஒருநாள் பாடத்தில் சாமி சொன்னார்: "பசுவை விட்டுப் பாசம் போகணும். அப்பத்தான் விடுதலை."

பூவாத்தாளுக்குத் திக்கென்றது. இத்தனை பேர் இருக்க, தன்னைப் பார்த்துச் சொல்லிவிட்டாரே!

மறுநாள் அவள் தண்ணி இறைக்கவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

"போடி. தாகமெடுத்தா குட்டையில குடிச்சுக்க. இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

செவலை நின்று நின்று திரும்பிப் பார்த்தது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கோடையில் குட்டை வற்றி, பச்சைப் பெயிண்டைக் கொட்டினாற்போலப் பாசி ஏடு கட்டிக் கிடந்தது.

"அக்கா! மாட்டைப் பிடிங்க!"

சாமி ஓடுவதை அவள் அன்றுதான் பார்த்தாள். சறுக்கிக் குட்டைக்குள் விழுந்தார், எழுந்தார், செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அதன் மூக்கு நுனியில் பச்சை ஒட்டியிருந்தது.

"குடிச்சிருச்சுங்களா சாமி?"

"தெரியலீங்க. முந்தாநாள் இதைக் குடிச்ச வெள்ளாடு நுரை தள்ளிச் செத்துப்போச்சாம். ஆட்டுக்காரர் இப்பத்தான் சொல்லிட்டுப் போறார்."

"மேல இருக்கறதை ஒதுக்கிட்டுக் குடிச்சிருக்குமுங்க..."

"ஒதுக்கினாலும் போகாதுங்கக்கா. விஷம் தண்ணியிலயே கரைஞ்சு நிக்கும்."

பூவாத்தாளுக்கு விடுதலை மறந்தே போச்சு. கிணற்றுத் தண்ணியை இறைத்து வந்து வாயை, மூக்கை, காலைக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். செவலை தன் ஈரக் காலை நக்கப் போனபோது ஓர் அடி வைத்தாள். அடித்துவிட்டு அழுதாள்.

"பசுவை விட்டுப் பாசம் போகணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சாமி தலையில் கைவைத்தார். "ஐயோ அக்கா! அது மாடில்லீங்க. சைவப் புத்தகத்துல உயிரைத்தான் பசுன்னு சொல்வாங்க."

"அப்ப எஞ் செவலை உயிரில்லீங்களா?"

சாமி செவலையின் சினை வயிற்றைத் தடவினார்.

இரண்டு பேரும் மாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சாய்ந்தபோது செவலை ஒரு பெருமூச்சு விட்டு மெல்ல அசைபோட ஆரம்பித்தது.

பூவாத்தாள் மூக்கைச் சிந்தினாள்.

"எனக்குப் பாசம் போகாதுங்க சாமி. ஊருக்கே போயிரட்டுங்களா?"

சாமி தன் காவி வேட்டியில் காய்ந்திருந்த பச்சையைச் சுரண்டிப் பார்த்தார்.

"முதல்ல இந்தப் பாசி போகட்டுங்கக்கா. வாளியை இப்படிக் குடுங்க. செவலைக்கு நான் இறைக்கறேன்."