திம்பம் மலையில் நியூட்ரல்

சங்ககிரி லாரி முதலாளி அத்தியப்பர் எறும்பு வாயிலிருக்கும் சர்க்கரையையும் பிடுங்குகிற ஆள். தன் புதுக் காரில் திம்பம் மலை உச்சிக்கு வந்திருந்தவர், அங்கே உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய லாரியோடு நின்ற புது டிரைவர் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்.

"நியூட்ரல்லயே இறக்கு, டீசல் மிச்சம். கியர் போட்டியோ, நாளையிலிருந்து வேலை இல்லை."

கியரில்லாமல் இறங்கும் பாரவண்டியில் பிரேக் சூடேறிச் செத்துவிடும், அப்புறம் வண்டி எமன் வாசலில்தான் நிற்கும். நாச்சிமுத்து பணிவாகத் தலையைச் சொறிந்தான்.

"ஆகட்டுங்க முதலாளி. எனக்கு வளைவெல்லாம் புதுசுங்க. உங்க புதுக் காரை முன்னால விட்டு வழி காட்டுங்க. நான் பின்னாலேயே ஒட்டிக்கிட்டு வந்துடறேன்."

அத்தியப்பர் மாலை வாடாத காரைப் பார்த்தார். அதன் முதுகுக்குப் பின்னால் யானையாட்டம் நின்ற லாரியையும் பார்த்தார். காற்றே இல்லாமல் வேட்டி படபடத்தது.

"நாச்சிமுத்து, செகண்ட் கியரைப் போட்டுக்கிட்டு நீயே முன்னால போ சாமி. நான் ஒரு டீ குடிச்சிட்டு மெதுவா வர்றேன்."