மாசிலாமணி வாங்கிய மூன்றாவது போர்டு

பொன்மலையில் ஒரு மாடி அறையில் ஜமீலா பாகங்களைப் பொருத்திக் கணினி உருவாக்கக் கற்றுக்கொடுத்து வந்தாள். அவளிடம் படித்தவர்களில் மூத்தவர் மாசிலாமணி, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியைக்கு அவர் வயதில் பாதிதான். ஆனாலும் "டீச்சர்" என்று எழுந்து நின்றுதான் பேசுவார்.

அவர் ஏன் படிக்க வந்தார் என்பது அவளுக்குத் தெரியும். மகன் பொழிலன் விபத்தில் போன கையோடு வீட்டின் மேல் நிஜமாகவே இடி விழுந்தது. அவனுடைய கணினியில் எல்லாப் பாகங்களையும் தாங்கும் மதர்போர்டும், அவன் சேமித்து வைத்த டிஸ்க்கும் கருகிவிட்டன. அதன் மூளையான பிராசஸர் சில்லு மட்டும் தப்பியது. அதற்கு ஏற்ற போர்டு ஒன்றைத் தேடிப் பொருத்த வேண்டும் என்றுதான் வந்தார்.

நன்றாகவே கற்றார். எந்தப் பிராசஸர் எந்த போர்டில் உட்காரும், உட்கார்ந்தாலும் எந்த போர்டு அதை அடையாளம் கண்டுகொள்ளாமல் சும்மா இருந்துவிடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கூடப் படிப்பவர்களுக்குத் தேர்ந்து கொடுத்தால் ஒரு தடவைகூடத் தப்பாது.

தன் வீட்டுக்கு வாங்கும்போது மட்டும் தப்பியது. முதல் போர்டில் விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதை வாங்கிப் போனவர் அப்புறம் வகுப்புக்கே வரவில்லை.

மழை மூட்டம் போட்டிருந்த ஒரு மதியம் ஜமீலா அவர் வீட்டுக்குப் போனாள்.

"வாங்க டீச்சர்," என்று குரலைத் தாழ்த்தினார் மாசிலாமணி. "பொழிலன் முழிச்சிட்டுதான் இருக்கான்."

ஜமீலா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அறை ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மேசை மேல் திறந்த கணினிப் பெட்டி. உள்ளே விசிறி சுழன்றுகொண்டிருந்தது. இருண்ட திரையில் ஒரு முகம் மங்கலாகத் தெரிந்தது. அது மாசிலாமணியின் பிம்பம்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் பேசினா விசிறி மெதுவாகும் டீச்சர். கேட்டுக்கிட்டிருக்கான்னு அர்த்தம்."

ஜமீலா போர்டைக் குனிந்து பார்த்தாள்.

"இந்த போர்டு இந்தப் பிராசஸரை ஏத்துக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்."

"போன ரெண்டும்?"

"அதுவும் தெரியும்."

அவள் மின்சாரத்தை நிறுத்தினாள். பிராசஸர் மேலிருந்த விசிறியைக் கழற்றி, அதன் மின் இணைப்பை எடுக்காமல், மேசையில் வைத்தாள். பிராசஸரை அலுங்காமல் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

காலியான போர்டில் விசிறி முன்போலவே சுழன்றது.

மாசிலாமணி கையைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார்.

"இவன் இங்கே இருக்கான். அப்போ அங்கே சுத்துறது யாரு?"



அவர் பெட்டியருகே குனிந்தார். "பொழிலா," என்றார்.

விசிறி மெதுவானது.

வேகம் குறைந்தது இருவருக்கும் கேட்டது. மழைச் சத்தம் மட்டும் அறைக்குள் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்து, விசிறி பழைய வேகத்துக்கே வந்தது.

அவள் பையிலிருந்து ஒரு போர்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது ஏத்துக்கும் சார். பொருத்தினா திரையில வெளிச்சம் வரும்."

"வெளிச்சத்துல அவன் இருப்பானா?"

"புதுசா வாங்கினது மாதிரி காலியாத்தான் வரும்."

"இதுக்குத்தான் பயந்தேன் டீச்சர்." அவர் பிராசஸரைக் கைக்குள் மூடிக்கொண்டார். "இப்படி இருட்டாவே இருந்தா, இருக்கான்னாவது நினைச்சுக்கலாம். நீங்களும் கேட்டீங்கதானே? இல்லைன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

"கேட்டேன்."

"அப்புறம் எதுக்கு இதைப் பொருத்தச் சொல்றீங்க?"

ஜமீலா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். திரையிலிருந்த முகம் மறைந்தது.

"பொருத்துங்க சார்," என்றாள். "வெளிச்சம் வந்த பிறகும் அவன் இருந்தான்னா, என்னைக் கூப்பிடுங்க. நானும் வந்து பேசறேன்."