டோக்கன் மேஜையில் மூன்று பக்கங்கள்

டயாலிசிஸ் நேரம் மாறியது. ஆஸ்பத்திரியின் இணையப் பக்கம் மாறவில்லை. மாலையில் வரவேண்டிய பதினோரு பேர் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் மயங்கி விழுந்தார்.

பக்கத்தைக் கட்டியவன் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம். அவன் எழுதியதைத் தொட, அந்தக் கம்பெனியின் பாளையங்கோட்டை அலுவலகத்தில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஒரு வாரம் கெடு வைத்தார். தவறினால் வேலை வேறு கம்பெனிக்கு.

பொறுப்பு அந்த அலுவலகத்தின் பிரமநாயகம் தலையில். புதிதாகவே கட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். பக்கம் கட்டும் மென்பொருள் கருவிகளில் எதை வைத்து? ரியாக்ட் என்றது ஒரு கூட்டம். வியூ என்றது இன்னொன்று. கத்தியே இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் வடிவிடம் போனார். வடிவு அவரைவிட ஒன்பது வயது இளையவர். தொழிலில் அவருக்குக் குரு.

“ரியாக்டா, வியூவா? நீங்க சொல்லிட்டா எல்லாவனும் வாயை மூடிருவான் மேடம்.”

“அந்த ஒரு பக்கத்தை மூணு விதமாக் கட்டுங்க அண்ணாச்சி. ஒண்ணு ரியாக்ட், ஒண்ணு வியூ. மூணாவது எந்தக் கருவியும் இல்லாம, வெறும் எச்டிஎம்எல்.”

“வெறும் எச்டிஎம்எல்லா? காலேஜ் பிள்ளைங்க சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். கட்டுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்.

வடிவு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நேரே டோக்கன் மேஜை. அங்கே டோக்கன் கொடுக்கும் ஆசியா பீவி. நேரம் மாறினால் முதலில் தெரிவது அவருக்குத்தான்.

பிரமநாயகம் லேப்டாப்பைத் திறந்தார்.

“அதை மூடுங்க,” என்றார் வடிவு. “அவங்க கம்ப்யூட்டர்ல போடுங்க. ஆசியாக்கா, காலை பத்துன்னு இருக்கு. மாலை நாலுன்னு மாத்தணும். மாத்துங்க.”

முதலில் ரியாக்ட். மாற்றுவதற்கு முன் என்னென்னவோ இறக்க வேண்டியிருந்தது. கறுப்புத் திரையில் எழுத்து ஓடியது. கால் மணி நேரம் ஓடியது. பிறகு பிழை என்று சிவப்பில் திட்டியது.

“என்ன சார், சாமி வந்த மாதிரி ஆடுது?” என்றார் ஆசியா பீவி.

வியூ கொஞ்சம் குறைவாக ஆடியது. அதுவும் சிவப்பில்தான் முடிந்தது. பிரமநாயகத்துக்கு வியர்த்தது.

மூன்றாவதைத் திறந்தார் ஆசியா பீவி. பத்து எங்கே என்று விரலால் தேடினார். அழித்தார், அடித்தார், சேமித்தார்.

“இவ்வளவுதானா? இதை முதல்லயே தந்திருக்கலாம்லா.”

அவர் சேமித்தால் இணையத்திலும் மாறும்படி அதையே ஏற்றினார்கள். கெடுவுக்குள் வேலை முடிந்தது.

மூன்று வாரம் கழித்தும் பிரமநாயகத்துக்கு மனம் ஆறவில்லை.

“நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல மேடம். நாளைக்கு இதே பக்கத்துல டாக்டர் வீடியோல பேசணும்னா?”

“அன்னிக்கு ரியாக்ட் போடுங்க. யார் வேண்டாம்னாங்க? நேத்து ஒரு மெஷின் ரிப்பேராம், தெரியுமா?”

“ஐயையோ! நேரமெல்லாம் மாறியிருக்குமே!”

பதறிப்போய் ஃபோனில் பக்கத்தைத் திறந்தார். புது நேரம் இருந்தது.

“நம்ம பசங்க மாத்திட்டானுங்களா?”

“அவங்களுக்கும் தெரியாது.”

“நீங்களா?”

“எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்.”

“பின்னே யாரு?”

“ஆசியா பீவி.”